ஈவ் ஆன்லைன்: வென்ச்சரில் கல் வெட்டினால் எவ்வளவுதான் தேறும்?

காசிமேட்டுக் கப்பல் | செவ்வாய், இரவு 11.05

வணக்கம் மக்களே. ஈவ் என்ற விண்வெளி ஆன்லைன் விளையாட்டை ஆரம்பித்து இன்றோடு பதினெட்டு நாள். ஆல்ஃபா என்கிற இலவசக் கணக்கு, ஒரு பைசா போடவில்லை. தொழில் சொல்லித்தரும் ஏஜெண்டிடம் பாடம் முடித்து, அங்கே கிடைத்த வென்ச்சர் என்ற சின்ன மைனிங் கப்பலை வைத்துத் தினமும் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கல் வெட்டுகிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் பில் போடும் வேலை. வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார அந்த நேரம் ஆகிவிடுகிறது.

பிரச்சினை என்னவென்றால், நான் போகும்போது பெல்ட்டில், அதாவது விண்கற்கள் மிதக்கிற இடத்தில், உருப்படியான கல்லே இல்லை. எல்லாம் துண்டு துக்கடா. லேசரைப் போட்ட அடுத்த நிமிஷம் கல் தீர்ந்து லேசர் நின்றுவிடுகிறது. அடுத்த கல்லைத் தேடி நகர்ந்து போவதிலேயே பாதி நேரம் போகிறது. கிடைத்ததை அதே ஸ்டேஷனில் யார் கேட்கிறார்களோ அவர்களுக்குத் தள்ளிவிடுகிறேன். சந்தா கட்டி ஒமேகா கணக்கு ஆனபின் ரிட்ரீவர் என்ற பெரிய மைனிங் கப்பல் வாங்குவதாகக் கனவு, ஆனால் இந்த வேகத்தில் பொங்கல் வந்துவிடும்.

தடைக்காலம் என்பதால் மாமா கடலுக்குப் போகவில்லை. என் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று "இது ரம்மி மாதிரியாடா?" என்று கேட்டார். இல்லை மாமா, கல் வெட்டுவது என்றேன். "அதுக்கு எவன்டா காசு கொடுப்பான்?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். சொல்லுங்கள்.

தேரடி | செவ்வாய், இரவு 11.32

தம்பி, முதலில் கடிகாரத்தைப் பார். இந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள், விளையாட்டுக்குள் ஓடுவது யுடிசி நேரம். தினமும் அந்த நேரப்படி காலை 11 மணிக்கு சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். மறுபடி திறக்கும்போது பெல்ட்டுகளில் கல் நிரம்பியிருக்கும். அது நமக்குச் சாயங்காலம் நாலரை. வெயில் காலம், குளிர் காலம் எதுவானாலும் மாறாது.

நீ ஒன்பது மணிக்கு உள்ளே வருகிறாய். அதற்குள் நாலரை மணி நேரம் ஊரே சேர்ந்து சுரண்டியிருக்கும். ஐரோப்பாக்காரனுக்கு அது மத்தியானம் வேறு. சீனாவுக்கு மட்டும் தனி சர்வர், மற்றபடி விளையாட்டு மொத்தமும் ஒரே சர்வரில், ஒரே உலகத்தில் நடப்பதால் எல்லோரும் உன் பெல்ட்டில்தான் நிற்பார்கள்.

நாலரைக்கு உன்னால் வர முடியாது, சரி. அப்படியென்றால் இடத்தை மாற்று. புதியவர்கள் பிறக்கும் சிஸ்டத்தில், அதாவது நட்சத்திர மண்டலத்தில், நிற்காதே. ஐந்தாறு ஜம்ப் தள்ளி, ஒரே ஒரு கேட் (அடுத்த சிஸ்டத்துக்குத் தாவும் வாசல்) உள்ள முட்டுச்சந்து சிஸ்டமாகப் பார். வழிப்போக்கர்கள் வரமாட்டார்கள். பாதுகாப்பு மதிப்பு 0.5க்குக் கீழே மட்டும் இறங்காதே.

வியாசை பத்து | செவ்வாய், இரவு 11.58

ஏன் ப்ரோ இந்தப் பாடு? மைனிங் என்பது கோல்கீப்பர் வேலை மாதிரி. தொண்ணூறு நிமிஷம் சும்மா நிற்கணும், நடுவில் ஒரு தடவை அசந்தால் கதை முடிந்தது. மற்ற ஏஜெண்டுகளிடமும் பாடம் இருக்கிறது, சண்டை மிஷன் இருக்கிறது, ஸ்கேன் செய்து பொருள் எடுக்கும் வேலை இருக்கிறது. ஒரே நேரத்தைப் போட்டால் அதில் எல்லாம் இதைவிட அதிகம் வரும். நான் இரண்டு மாசம் கல் வெட்டிவிட்டுத்தான் சொல்கிறேன்.

கல்மண்டபம் ஜெராக்ஸ் | புதன், காலை 10.20

வியாசை சொல்வது சரிதான், ஆனால் அது முழு கவனத்தையும் கொடுக்க முடிகிறவனுக்கு. நான் கடையில் உட்கார்ந்து ஒரு பக்கம் ஆதார் நகல் போட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் லேசர் ஓட்டுகிறேன். மிஷன் ஓட்டினால் நாலு நகல் கேட்டவருக்கு ஆறு நகல் போடுவேன். மைனிங் எனக்கு ஒத்துப்போவது அதனால்தான். ஆனால் தம்பி, நீ ராத்திரி இரண்டு மணி நேரம் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாய். உனக்கும் எனக்கும் கணக்கு வேறு.

சம்பந்தமில்லாமல் ஒன்று: சின்ன வயதில் எங்கள் ராயபுரம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் துறைமுகத்து நிலக்கரியும் இரும்புத் தாதும் சேர்ந்து படியும். 2011இல் கோர்ட் உத்தரவுக்கு அப்புறம்தான் அதெல்லாம் எண்ணூர்ப் பக்கம் போனது. அப்போது ஓசியில் வந்த தாதுவைத் திட்டிவிட்டு, இப்போது கரண்ட் பில் கட்டித் தாது பொறுக்குகிறேன்.

தேரடி | புதன், காலை 10.41

எங்கள் பக்கம் தள்ளிவிட்டுக் கதை வேறு சொல்கிறீர்கள். வாழ்க.

மின்ட் கணக்கு | புதன், பிற்பகல் 1.15

தம்பி கேட்டது எப்படிச் சம்பாதிப்பது என்று. விற்கிற பக்கத்தை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

நீ கல்லின் விலையை ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று பார்க்கிறாய். எல்லாப் புதியவர்களும் செய்கிற தப்பு இது. வென்ச்சரின் கல் அறை 5,000 கன மீட்டர். லேசர் வெட்டுவதும் கன மீட்டர் கணக்கில்தான். கல் வகைகளில் ஒரு யூனிட் வெல்ட்ஸ்பார் 0.1 கன மீட்டர், ஸ்கார்டைட் 0.15, பைராக்ஸீரஸ் 0.3, பிளாஜியோகிளேஸ் 0.35. அதனால் விலையை அளவால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

மார்க்கெட் விலை தினமும் மாறும், எனவே இங்கே கணக்குக்காக நானே விலை வைக்கிறேன். வெல்ட்ஸ்பார் 15 இஸ்க் (விளையாட்டுக்குள் ஓடும் பணம்), பைராக்ஸீரஸ் 48 இஸ்க் என்று வை. பார்த்ததும் பைராக்ஸீரஸ் மூன்று மடங்கு லாபம் என்று ஓடுவாய். வகுத்துப் பார். வெல்ட்ஸ்பார் கன மீட்டருக்கு 150, பைராக்ஸீரஸ் 160. அறை நிறைய ஏற்றினால் முன்னது ஏழரை லட்சம், பின்னது எட்டு லட்சம். அந்த அரை லட்சத்துக்காக நீ நாலு ஜம்ப் கூடுதலாகப் போய் வந்தால் அந்த நேரத்திலேயே லாபம் போய்விடும். இன்னொரு நாள் ஸ்கார்டைட் 21 என்று இருந்தால் கன மீட்டருக்கு 140தான், அன்றைக்கு வெல்ட்ஸ்பாரே மேல். பெயர் அழகாக இருக்கிறது என்று கல்லைத் தேர்ந்தெடுக்காதே. கப்பலை எடுக்கும் முன் அன்றன்றைக்கு வகு.

அடுத்தது விற்பது. உன் ஸ்டேஷனில் "யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறாய். அந்த வாங்கும் ஆர்டரைப் போட்டவன் உன்னை மாதிரி அவசரக்காரனுக்காகத்தான் அடிமட்ட விலையில் வலை விரித்து வைத்திருக்கிறான். அந்தக் கல்லை அவன் கொண்டுபோய் விற்பது ஜிட்டா என்ற சிஸ்டத்தில். நீ கால்டாரி நாட்டு ஆளாக ஆரம்பித்திருந்தால் ஜிட்டா உனக்கு எட்டாத தூரம் இல்லை. நான்காவது கிரகத்தின் நான்காவது நிலவில் உள்ள ஸ்டேஷன், விளையாட்டின் மிகப் பெரிய சந்தை. தினமும் ஓடாதே. வாரம் பூராவும் ஒரே ஸ்டேஷனில் சேர்த்து வை, ஒரு சரக்குக் கப்பல் வாங்கி ஒரே நடையாகக் கொண்டுபோ.

அங்கேயும் இரண்டு வழி இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற வாங்கும் ஆர்டருக்குக் கொடுத்தால் விற்பனை வரி மட்டும், காசு உடனே கையில். நீயே விலை வைத்து விற்கும் ஆர்டர் போட்டால் தரகும் உண்டு, வரியும் உண்டு, காத்திருக்கவும் வேண்டும், ஆனால் விலை மேலே. இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

இன்னொன்று, கல்லை உருக்கி மினரல் ஆக்காதே. சாதாரண ஸ்டேஷனில் உருக்கினால் அடிப்படை விளைச்சல் பாதிதான். திறமையெல்லாம் ஏற்றி வைத்திருப்பவன் அதே கல்லில் நிறைய எடுப்பான், அதனால்தான் அவனால் உன் கல்லுக்கு நல்ல விலை கொடுக்க முடிகிறது. அவனுக்கே கல்லாக விற்றுவிடு.

காசிமேட்டுக் கப்பல் | புதன், இரவு 9.50

மின்ட் அண்ணா, பெரிய நன்றி. வகுத்தலைப் பார்த்ததும் மாமா கட்டிலிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "அதான்டா ஐஸ் பெட்டி" என்றார். விசைப்படகில் நாலைந்து நாள் தங்கிப் பிடிக்கப் போகும்போது, முதல் நாளே விலையில்லாத பொடி மீனைப் போட்டு அறையை அடைத்துவிட்டால் கடைசி நாள் வஞ்சிரம் விழும்போது இடம் இருக்காதாம். பொடி மீனைத் திரும்புகிற நாளில்தான் ஏற்றுவார்களாம்.

தேரடி அண்ணா சொன்ன மாதிரி ஆறு ஜம்ப் தள்ளிப் போனேன். முட்டுச்சந்து. பெல்ட்டில் என்னைத் தவிர ஒருவர்தான். கல் ஒவ்வொன்றும் கப்பலைவிடப் பெரிசு. அரை மணி நேரத்தில் அறை நிறைந்தது.

மணலி புதுமுகம் | புதன், இரவு 10.15

நடுவில் ஒரு கேள்வி. இந்த இஸ்க்கை ரூபாயாக மாற்றலாமா? ஒரு டெலிகிராம் குரூப்பில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்கள்.

மின்ட் கணக்கு | புதன், இரவு 10.22

கூடாது. ரூபாய் கொடுத்து விளையாட்டுக்காரர்களிடமே பிளெக்ஸ் என்ற டோக்கன் வாங்கி அதை உள்ளே இஸ்க்குக்கு விற்கலாம், அது விதிக்கு உட்பட்டது. அதற்கு எதிர்த் திசையில் வழியே கிடையாது. வெளியே இஸ்க் விற்பது விதிமீறல், கணக்கையே முடக்கிவிடுவார்கள். சம்பாதிக்க வேண்டுமென்றால் மணலியில் வேறு வேலை தேடு.

காசிமேட்டுக் கப்பல் | வியாழன், இரவு 10.48

கப்பல் போச்சு.

நடந்ததைச் சொல்கிறேன். அறை நிறைந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடுவது சோம்பலாக இருந்தது. பழைய வீடியோ ஒன்றில், கல்லை ஒரு டப்பாவில் கொட்டி அங்கேயே மிதக்க விடலாம், ஒரு டப்பா 27,500 கன மீட்டர் பிடிக்கும் என்று பார்த்திருந்தேன். ஐந்து நடை மிச்சம் என்று கொட்டினேன். இரண்டாவது லோடு கொட்டி முடிக்கும்போது ஒரு குட்டி ஃப்ரிகேட் வந்து டப்பா பக்கத்தில் நின்றது. என் கல் கொஞ்சத்தை எடுத்தது. உடனே அவன் பெயர் மஞ்சளாக மின்ன ஆரம்பித்தது. ஓடவும் இல்லை. சும்மா நின்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறி இரண்டு டிரோனையும் ஏவினேன். மஞ்சள் ஆளை அடிக்கலாம், போலீஸ் என்னை ஒன்றும் செய்யாது என்று படித்திருந்தேன். உண்மைதான், போலீஸ் என்னை ஒன்றும் செய்யவில்லை. அவனையும் ஒன்றும் செய்யவில்லை. இருபது நொடியில் வென்ச்சர் காலி.

ஆனால் ஒரு ஆறுதல். வெடித்தது ஏஜெண்ட் கொடுத்த வென்ச்சர் இல்லை, நானே செய்த இன்னொன்று. போன வாரம் ப்ளூபிரிண்ட் (கப்பல் செய்யும் வரைபடம்) வாங்கி, என் சொந்தக் கல்லை உருக்கி, மீதி மினரலைக் கொஞ்சம் வாங்கிச் செய்த கப்பல். அதனால் பெரிய நஷ்டம் இல்லை. கல் ஓசிதானே.

வியாசை பத்து | வியாழன், இரவு 11.10

அவன் நின்றதே நீ அடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ப்ரோ. உன் கல் அவனுக்கு வேண்டாம். திருடினால் அவன் சந்தேக ஆள் ஆகிறான், யார் வேண்டுமானாலும் அவனை அடிக்கலாம். நீ அடித்த நொடியில் உன்னைத் திருப்பி அடிக்க அவனுக்கும் உரிமை வந்துவிடுகிறது. பெனால்டி பாக்ஸில் தானாகக் கால் தடுக்கி விழுகிற ஃபார்வர்ட் மாதிரி. அடுத்த தடவை ஒரே வழி: டப்பாவை விட்டுவிட்டுப் போய்விடு.

சிரிக்க எனக்குத் தகுதி இல்லை, என் கதையையும் கேள். 0.5 சிஸ்டத்தில் ரிட்ரீவர். அறை பெரிசு, உடம்பு அப்பளம். லேசரைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அம்மா அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு, இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தால் முட்டை மாதிரி காப்ஸ்யூலில் மிதக்கிறேன். கேட்டலிஸ்ட் கப்பல் இரண்டு வந்து அடித்துவிட்டுப் போயிருக்கின்றன. அதாவது போகவில்லை, விளையாட்டின் போலீஸான காங்கார்ட் வந்து இரண்டையும் வெடிக்க வைத்திருக்கிறது. ஆனால் என் கப்பல் வெடித்த பிறகு. காங்கார்ட் தண்டிக்கும், தடுக்காது. 1.0இல் சீக்கிரம் வரும், 0.5இல் மெதுவாக வரும். அவர்கள் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வருகிறார்கள்.

ரிட்ரீவர் கனவை விட்டுவிட்டு அதே வகையில் புரொக்யூரர் கப்பலைப் பார். அறை சின்னது, ஆனால் அடி தாங்கும்.

தேரடி | வியாழன், இரவு 11.25

வென்ச்சரில் இருக்கிற வரைக்கும் பயப்படாதே. விலை குறைவு, இன்ஷூரன்ஸ் உண்டு, இன்னொரு ஊர் ஏஜெண்டிடம் அதே பாடத்தைப் படித்தால் இன்னொன்று கிடைக்கும். தப்பித்து வார்ப்பில் பறக்க விடாமல் பிடித்து வைக்கும் வார்ப் தடுப்புக்கு எதிராக அதில் இரண்டு புள்ளி பிறவியிலேயே இருக்கிறது, ஒருத்தன் மட்டும் பிடித்தால் பெரும்பாலும் நழுவிவிடலாம். நின்ற இடத்தில் வெட்டாதே. ஸ்டேஷன் பக்கம் மூக்கைத் திருப்பி, உச்ச வேகத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நகர்ந்துகொண்டே வெட்டு, ஆபத்து என்றால் அழுத்தியதும் பறக்கும்.

கொஞ்சம் பழகியபின் அதே வென்ச்சரில் வார்ம்ஹோல் என்ற துளை வழியாக வரைபடத்தில் இல்லாத சிஸ்டத்துக்குள் போய் கேஸ் (வாயு) எடுக்கலாம். கேஸுக்கும் அந்தக் கப்பலில் போனஸ் உண்டு. நான் அதற்குப் பிறகு கல்லைத் தொடவே இல்லை. ஆனால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று லோக்கல் பட்டியல் காட்டாது, போலீஸும் கிடையாது. டைரக்‌ஷனல் ஸ்கேனை, அதாவது சுற்றி யார் வருகிறார்கள் என்று பார்க்கும் பட்டனை, விரல் வலிக்க அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கேஸ் எடுக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஸ்லீப்பர்கள் என்ற கம்ப்யூட்டர் எதிரிகள் வேறு வருவார்கள், அதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

மின்ட் கணக்கு | வெள்ளி, காலை 7.05

எல்லோரும் கப்பலைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தக் கடைசி வரியை யாரும் பிடிக்கவில்லை. "கல் ஓசிதானே."

தம்பி, அந்தக் கல்லை நீ விற்றிருந்தால் காசு வந்திருக்குமா, இல்லையா? வந்திருக்கும். அந்தக் காசைக் கப்பலுக்குள் போட்டு உருக்கினாய். அதுவும் பாதி விளைச்சலில் உருக்கி, மீதி மினரல் வாங்கி, ப்ளூபிரிண்டுக்கும் கொடுத்து. நீ செய்த வென்ச்சர், ஜிட்டாவில் ஆயத்தமாக விற்கிற வென்ச்சரைவிட உனக்கு அதிக விலையில் விழுந்திருக்கும். பந்தயம் வேண்டுமானால் கட்டுகிறேன்.

இந்த விளையாட்டில் இருபது வருஷமாகப் புதியவர்கள் சொல்லி வருகிற வசனம் இது: நானே வெட்டியது, அதனால் இலவசம். அப்படி நினைக்கிறவன் செய்த சரக்கை அடக்க விலைக்குக் கீழே விற்கிறான், லாபம் என்று சந்தோஷப்படுகிறான். நான் அவனிடம் வாங்கி மறுபடி விற்கிறேன். பொய் சொல்லவில்லை, என் வருமானத்தில் பாதி அதுதான்.

கல்மண்டபம் ஜெராக்ஸ் | வெள்ளி, காலை 11.30

மின்ட் சார், அவன் நேரத்துக்கு வேறு என்ன விலை? ராத்திரி சும்மா இருக்கிற நேரம்தானே. பொழுதுபோக்குக்கு எல்லாம் கூலி போட்டால் விளையாடவே முடியாது.

மின்ட் கணக்கு | வெள்ளி, பகல் 12.10

பொழுதுபோக்கு என்றால் கூலி வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் பொழுதுபோக்கைக் கேட்கவில்லை, சம்பாதிப்பதைக் கேட்டான். கூலியை விட்டாலும் கல்லுக்கு மார்க்கெட் விலை உண்டு. அதையாவது எழுதச் சொல்லுங்கள்.

காசிமேட்டுக் கப்பல் | சனி, இரவு 11.40

மின்ட் அண்ணா, பந்தயத்தில் தோற்றேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உருக்கிய கல்லை அப்படியே ஜிட்டாவில் விற்றிருந்தால் வந்திருக்கும் காசில் ஆயத்த வென்ச்சர் ஒன்று வாங்கி, அதற்கு லேசரும் வாங்கி, மிச்சமும் இருந்திருக்கும்.

அதை மாமாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. நான்தான் ஒன்றை மறந்துபோயிருந்தேன். படகு கரைக்கு வந்ததும் வீட்டுக்கென்று ஒரு மீன் எடுத்து வருவார். சின்ன வயதில் அது எங்களுக்கு ஓசி மீன். ஆனால் அன்றைக்கு அந்த மீன் ஏலத்தில் என்ன விலை போனதோ, அதை அவர் பங்கிலிருந்து கழித்துவிடுவார்களாம். டீசலும் ஐஸும் கழித்து மிச்சத்தில்தான் எல்லோருக்கும் பங்கு, அதில் ஒருத்தர் மட்டும் ஓசியில் எப்படி எடுப்பது என்றார். இத்தனை வருஷம் நாங்கள் தின்ற வஞ்சிரம் எல்லாம் ஏல விலைக்குத்தான்.

இப்போது பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதுகிறோம். எந்தச் சிஸ்டம், எந்தக் கல், எத்தனை கன மீட்டர், எத்தனை நிமிஷம், விற்ற விலை, வரி. மாமா கடைசியில் ஒரு கட்டம் காலியாக விட்டு அதற்கு மேல் "கூலி" என்று எழுதியிருக்கிறார். அதில் என்ன போடுவது என்று இன்னும் சண்டை. என் கடைச் சம்பளத்தைப் போடலாம் என்கிறார், அதைப் போட்டால் விளையாட்டை மூட வேண்டியதுதான். வியாசை சொன்ன மிஷனை ஒரு வாரம் ஓட்டி, அதில் மணிக்கு என்ன வருகிறதோ அதைப் போடலாம் என்கிறேன் நான்.

இன்றைக்குச் சனிக்கிழமை, கடை அரை நாள். நாலரைக்கு நின்ற சர்வர் மறுபடி திறந்ததும் உள்ளே போய்விட்டேன். பெல்ட் பூரா கல், ஒரு ஈ காக்கை இல்லை. ஆறு மணிக்குள் மூன்று நடை. டப்பா போடவில்லை. நடுவில் அதே ஃப்ரிகேட்காரன் சிஸ்டத்துக்குள் வந்தான், லோக்கலில் பெயரைப் பார்த்தேன். "இவன்தானே அன்னிக்கு வந்தது?" என்று மாமாதான் முதலில் கண்டுபிடித்தார். ஸ்டேஷனுக்குள் போய் டீ குடித்துவிட்டு வந்தோம்.

ஸ்டேஷனில் குவியல் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஜூன் 14ஓடு தடைக்காலம் முடிகிறது, அன்றைக்கு ராத்திரியே படகு கிளம்பிவிடும். அதற்கு முன்னால் ஒரு நாள் சரக்குக் கப்பலில் எல்லாவற்றையும் ஏற்றி ஜிட்டாவுக்குப் போகணும். அங்கே ஸ்டேஷன் வாசலில் கப்பல்கள் வந்து போவதையும் விலை நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கி ஏறுவதையும் மாமா பார்க்கணுமாம். சரக்குக் கப்பலில் எந்த வழியாகப் போனால் கேட்டில் அடி வாங்காமல் போகலாம், யாராவது சொல்லுங்களேன்.